பழைய ஆர்.டி.கே. ரேடியோ வாங்குவோருக்கு: டார்லிங் டவுன்ஸில் நான் ஏமாந்த விதம்

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், டார்லிங் டவுன்ஸ் பகுதியில் நாங்கள் குத்தகைக்குப் பயிர் செய்யும் கரிசல் நிலத்துக்காக, 2024 பிப்ரவரியில், டிராக்டருக்குத் திருத்தச் சிக்னல் அனுப்பும் பேஸ் நிலையம் ஒன்றையும் அதற்குரிய ரேடியோக்கள் இரண்டையும் பழைய பண்ணைக் கருவிகள் விற்கும் ஒருவரிடம் 11,800 டாலர் கொடுத்து வாங்கினேன். ஓடாத பெட்டியாக இருந்திருந்தால் அன்றே திருப்பிக் கொடுத்திருப்பேன். இவை ஓடின, திரையில் பச்சை விளக்கையும் காட்டின, காட்டிக்கொண்டே விதைப்பைக் கெடுத்தன. இழப்பீடு பேசி முடித்தபோது பெயரை வெளியிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டதால் விற்றவர் யாரென்று இங்கே எழுதவில்லை.

இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காகச் சிறிது விளக்கம். செயற்கைக்கோள் சிக்னலை மட்டும் நம்பினால் டிராக்டர் தன் இடத்தை ஒரு மீட்டரோ அதற்கு மேலோ தவறாகக் கணிக்கும். அசையாத ஓரிடத்தில் நிற்கும் பேஸ், தான் வாங்கும் செயற்கைக்கோள் அளவீடுகளைத் தன் இருப்பிடத்தின் ஆயங்களோடு (இடத்தைக் குறிக்கும் எண்களோடு) சேர்த்து ரேடியோ வழியாக நொடிக்கொரு முறை அனுப்ப, டிராக்டரில் உள்ள ரிசீவர் அவற்றைத் தன் அளவீடுகளோடு ஒப்பிட்டுச் சுமார் 2 சென்டிமீட்டருக்குள் கோட்டைப் பிடித்துக்கொள்கிறது. இந்த முறைக்குத்தான் ஆர்.டி.கே. என்று பெயர். எங்களுக்கு அந்த 2 சென்டிமீட்டர் ஆடம்பரம் இல்லை. அறுவடைக்குப் பின் நிற்கும் கோதுமைத் தாளின் இரண்டு வரிசைகளுக்கு நடுவே கொண்டைக்கடலையை விதைக்கிறோம். சாலுக்குச் சால் 50 சென்டிமீட்டர். தாள் நிமிர்ந்து நின்றால் செடி சாயாமல் வளரும், காய் உயரத்தில் பிடிக்கும், வெற்று மண்ணைத் தேடி இறங்கும் அசுவினிப் பூச்சியும் அது பரப்பும் வைரஸ் நோயும் குறையும்.

விற்றவர் தன் கொட்டகைக் கூரையில் ஆன்டெனாவை வைத்து, 150 மீட்டர் தள்ளி நின்ற டிராக்டரில் எல்லாவற்றையும் இயக்கிக் காட்டினார். எவ்வளவு தூரம் எட்டும் என்று கேட்டதற்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாராளமாக எட்டும் என்றார். ரேடியோ கைவிட்டாலும் உள்ளே மோடம் இருக்கிறது, இணையம் வழியாகத் திருத்தம் வாங்கிக்கொள்ளலாம் என்றும் சேர்த்துச் சொன்னார். அது 3ஜி மட்டுமே அறிந்த மோடம். டெல்ஸ்ட்ரா என்ற தொலைபேசி நிறுவனத்தின் 3ஜி சேவை 2024 ஜூனில் மூடப்படும் என்று 2019-லேயே அறிவித்திருந்தார்கள். கடைசியில் அக்டோபர் 28 அன்று மூடினார்கள். கருவி விற்பதையே தொழிலாகக் கொண்டவர் இதை அறியாதிருந்தார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஜூன் இரண்டாம் வாரம் விதைப்பு தொடங்கியது. பேஸிலிருந்து மூன்று கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை. ஒரு சிறிய மேட்டைக் கடந்ததும் சிக்னல் அறுந்தது. விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தால், மே 10, 11 தேதிகளில் அடித்த சூரியப் புயலின் விளைவு இன்னும் இருக்கிறது என்றார். அந்தப் புயல் உண்மைதான். அமெரிக்காவின் மத்திய மேற்கில் நடவு நேரத்தில் டிராக்டர்களைத் தடுமாற வைத்ததும் உண்மைதான். ஆனால் ஒரு மாதம் கழித்தும் குறிப்பிட்ட ஒரே மேட்டுக்குப் பின்னால் மட்டும் வீசிக்கொண்டிருக்கும் சூரியப் புயலை நான் கேள்விப்பட்டதில்லை.

டூவூம்பாவில் உள்ள ரேடியோ தொழில்நுட்பர் ஒருவர் பெட்டியைத் திருப்பிப் பின்புறச் சீட்டைப் படித்தபோதுதான் முதல் விஷயம் தெரிந்தது. அது அமெரிக்கச் சந்தைக்கான ரேடியோ. 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை அலைவரிசை மாறி மாறித் தாவும். ஆஸ்திரேலியாவில் இத்தகைய கருவிக்குத் தனி உரிமமின்றி அனுமதி உள்ளது 915 முதல் 928 வரை மட்டுமே. அதற்குக் கீழே உள்ளது கைபேசிகள் கோபுரத்துக்குப் பேசும் அலைவரிசை. விற்றவர் பணத்தோடு போய்விட, சட்டத்துக்குப் புறம்பாக ஒலிபரப்பிக்கொண்டிருந்தவன் நானாகிவிட்டேன். தூரம் வேண்டுமென்றால் உரிமம் பெற்று 450 முதல் 470 மெகாஹெர்ட்ஸ் வரையிலான யு.எச்.எஃப். ரேடியோவுக்குப் போகவேண்டும், அதிலும் வாட்டைக் கூட்டுவதைவிட ஆன்டெனாவை உயர்த்துவதே பலன் தரும் என்று அவர் சொன்னார். அவர் அதற்கு என்னிடம் பணம் வாங்கவில்லை.

மேட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த நிலத்தையாவது முடிப்போம் என்று பேஸோடு வந்திருந்த சிறிய மாற்று ரேடியோவைப் பொருத்தி விதைத்ததில்தான் பெரிய சேதம் நடந்தது. இரண்டாம் நாள் காலை, திரையில் பச்சை விளக்கு, பிழை 2 சென்டிமீட்டர் என்ற எழுத்து, எல்லாம் சரியாக இருந்தன. பின்னால் திரும்பிப் பார்த்தால் கொழுக்கள் கோதுமைத் தாளின் மேலேயே ஏறிப் போய்க்கொண்டிருந்தன, ஒவ்வொரு கொழுவின் காலிலும் வைக்கோல் பந்தாகச் சுற்றியிருந்தது. இறங்கி, முந்தைய நாள் சக்கரத்தடத்துக்கும் அன்றைய தடத்துக்கும் இடையே டேப்பை வைத்து அளந்தேன். 64 சென்டிமீட்டர். விதைப்புக் கருவி இழுக்கும்போது விலகியிருக்குமோ என்று எண்ணி இன்னும் மூன்று இடங்களில் அளந்தேன். எல்லா இடத்திலும் அதே அளவு, அதே பக்கம்.

காரணம் பேஸில் இருந்தது. பேட்டரியைச் சார்ஜ் செய்ய ஒவ்வொரு மாலையும் அதை அணைத்துவிடுவோம். காலையில் இயக்கியதும் அது சில நிமிடம் செயற்கைக்கோளைப் பார்த்துச் சராசரி எடுத்து, இதுவே என் இடம் என்று தானாக முடிவு செய்துகொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தது. அந்தச் சராசரி தினமும் அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று மாறும். பேஸ் எவ்வளவு தவறுகிறதோ அவ்வளவு டிராக்டரும் தவறும். டிராக்டரின் ரிசீவருக்கு இதைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. பேஸுக்கும் தனக்கும் இடையே உள்ள தூரத்தை மட்டுமே அது 2 சென்டிமீட்டர் துல்லியத்தில் அறியும். நிலையான ஆயங்களைப் பதிவு செய்து தருவதாகச் சொல்லித்தான் விலையில் 600 டாலரைச் சேர்த்திருந்தார்கள். செய்யவே இல்லை. ஜியோசயன்ஸ் ஆஸ்திரேலியா என்ற அரசு அமைப்பு நடத்தும் ஆஸ்போஸ் சேவைக்குச் சில மணிநேர அளவீட்டுக் கோப்பை அனுப்பினால் பேஸின் இருப்பிடத்தைத் துல்லியமாகக் கணித்து இலவசமாகத் தருகிறார்கள் என்பதைப் பிறகு அறிந்தபோது அந்த 600 டாலர் கூடுதலாக உறுத்தியது. ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும்: ஆஸ்போஸ் தருவது ஜி.டி.ஏ. 2020 என்ற புதிய ஆய முறையில், நிலத்துக்காரர் கொடுக்கும் பழைய டிராக்டர் கோடுகள் ஜி.டி.ஏ. 94 என்ற பழைய முறையில் இருந்தால் இரண்டுக்கும் 1.8 மீட்டர் வித்தியாசம் வரும், ஏனென்றால் இந்தக் கண்டமே ஆண்டுக்குச் சுமார் 7 சென்டிமீட்டர் வடகிழக்கே நகர்கிறது.

ஆகவே பழைய கருவி வாங்குகிறவர்கள் விற்பவரின் கொட்டகை முற்றத்தில் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். உங்கள் நிலத்தில், மிகத் தொலைவான மூலையில், மேட்டுக்குப் பின்னால் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். ரேடியோவின் பின்சீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேஸை அணைத்து மறுபடி இயக்கச் சொல்லி, தரையில் முளை அடித்து வைத்த அதே இடத்துக்கு டிராக்டர் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். பத்து நிமிட வேலை, அதைச் செய்திருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பணம் முழுவதும் திரும்பவில்லை. பார்த்தது பார்த்தபடி விற்கப்பட்டது என்று ரசீதில் எழுதியிருந்ததைக் காட்டி விற்றவர் முதலில் மறுத்தார். ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் உத்தரவாதம் 1,00,000 டாலர் வரையிலான பொருள்களுக்கு, தொழிலுக்காக வாங்கியிருந்தாலும், உண்டு. வியாபாரி விற்கும் பழைய பொருளுக்கும் உண்டு. ரசீதில் ஒரு வரி எழுதி அதை நீக்க முடியாது. 25,000 டாலருக்கு உட்பட்ட வழக்கைக் குவீன்ஸ்லாந்தில் கியூகேட் தீர்ப்பாயம் விசாரிக்கும் என்று கடிதம் எழுதிய பிறகு 7,500 டாலருக்கு இறங்கி வந்தார். விதைப்பு கைநழுவிக்கொண்டிருந்ததால் ஒத்துக்கொண்டேன். மாறி விழுந்த சால்களுக்கும் மறுவிதைப்புக்கும் ஒரு காசும் கிடைக்கவில்லை.

அந்த ரேடியோக்கள் கொட்டகை அலமாரியில் கிடக்கின்றன. வாங்கிக்கொள்கிறோம் என்று இதுவரை இருவர் கேட்டுவிட்டார்கள். பின்சீட்டைக் காட்டித் திருப்பி அனுப்பினேன்.