படமா, எழுத்தா, டேப்லெட்டா: பேச்சுக் கருவியோடு வரும் பிள்ளை எதைக் கொண்டு எழுதுவது?

மூன்றாம் வகுப்பில் ‘மழை நாள்’ பற்றி ஐந்து வரி எழுதச் சொல்கிறோம். வாய்ப்பேச்சு வராததால், படங்கள் வரைந்த பலகையைத் (படப் பலகை) தொட்டுப் பேசும் ஒரு சிறுமியும் அங்கே இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்குப் பென்சில் பிடிக்க வராது.

கையில் இருக்கிறதே என்று பலரும் முதலில் எடுப்பது படப் பலகையைத்தான். நான், மழை, குடை, பள்ளி, போ என்று அவள் சட்டென்று தொட்டுவிடுவாள். ‘நான் மழையில் குடையோடு பள்ளிக்குப் போனேன்’ என்று ஆசிரியர் நோட்டில் எழுதிவிடுவார். அந்த ‘இல்’, ‘ஓடு’, ‘கு’, ‘ஏன்’ எல்லாம் யார் போட்டது? தமிழில் பாதிப் பொருள் உருபிலும் விகுதியிலும்தான் இருக்கிறது. குடையை மறந்துவிட்டு நனைந்த கதையைக்கூட அவள் சொல்ல வந்திருக்கலாம். எழுதும் முன் என்ன எழுதலாம் என்று பேசிக்கொள்ளப் படம் நல்ல துணை. பென்சிலுக்கு அது ஈடாகாது.

அதனால் என் ஓட்டு எழுத்துப் பலகைக்கு. 247 எழுத்தையும் ஓர் அட்டையில் அடைக்க வேண்டாம். உயிர் 12, அகரமேறிய மெய் 18, ஆய்தம், ஒரு புள்ளி போதும். தமிழ்99 விசைப்பலகை போலத்தான்: ம, ழ, ஐ என்று மூன்று தொட்டால் மழை. மற்றப் பிள்ளைகள் படிக்கிற உயிர்மெய்ப் பாடமும் இதுவே. கை எட்டவில்லையா, ஆசிரியர் வரிசை வரிசையாக விரலை ஓட்டட்டும், அவள் கண் சிமிட்டி நிறுத்துவாள். ஆனால் அவள் கையைப் பிடித்துத் தொட வைக்கவே கூடாது. அப்படி வரும் சொற்கள் பிடித்தவருடையவை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

அவள் ‘மழ நனந்தேன்’ என்று எழுதினால் எனக்குச் சந்தோஷம்தான். அவளுக்கு ஐகாரம் இன்னும் பிடிபடவில்லை, வேற்றுமை உருபும் வரவில்லை என்று ஒரே வரியில் தெரிந்துவிடுகிறது. ஆசிரியர் நிரப்பித் தரும் அழகான வாக்கியத்தில் இது தெரியவே தெரியாது.

டேப்லெட்டின் பெரிய வசதி குரல். சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற செயலியில், எழுதியதை அவளே உடனே கேட்கலாம். கேட்டுவிட்டுத் தானே திருத்துவாள். சொல்லை முன்கூட்டிக் காட்டும் வசதியை மட்டும் எழுத்துக்கூட்டிப் பழகும் நாட்களில் அணைத்து வைப்பேன். சீக்கிரம் களைத்துப்போகும் பிள்ளைக்கு அது வேண்டும், சரி. விலையும் சார்ஜும் தனிக் கவலை. அட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை. டேப்லெட் வந்த பிறகும் அட்டை பையில் இருக்கட்டும்.

இதில் எது எடுத்தாலும் நேரம் பிடிக்கும். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற மாற்றங்களுக்கு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. அதே நியாயம் அன்றாட வகுப்பிலும் வேண்டும். ஒரு பீரியடில் இரண்டு வரிதான் வந்ததா? மீதி மூன்றை அவள் நாளைக்கு எழுதட்டும்.