முதுகு ஊசிக்குப் பின் வந்த தலைவலி: 14,500 ரூபாயை ஏமாந்த கதை

கோத்தகிரியில் வசிக்கிறோம். பத்து நாட்களுக்கு முன் என் மனைவிக்கு முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டு சிசேரியன் செய்தார்கள். மறுநாளிலிருந்து, எழுந்து உட்கார்ந்தால் பிடரி முதல் நெற்றி வரை பிளக்கும் தலைவலி. படுத்தால் சில நிமிடங்களில் அடங்கிவிடும். போன ஆண்டு இடுப்பெலும்பு முறிவுக்கு இதே ஊசி போட்டுக்கொண்ட என் அம்மா, தனக்கு எதுவும் வரவில்லையே என்றார். அதில் குழம்பி, வீட்டுக்கே வந்து நரம்பு வலியைப் போக்குவதாக விளம்பரம் செய்யும் மருந்தில்லா சிகிச்சை நிலையம் ஒன்றை அழைத்தேன்.

வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றி, கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தார். "ஊசி போன வழியில் வாயு அடைத்திருக்கிறது தங்கச்சி, ஐந்தே நாளில் இறக்கிவிடலாம்" என்றார். அந்தத் 'தங்கச்சி'யில் மயங்கி, 14,500 ரூபாயை நின்ற இடத்திலேயே ஜிபேயில் அனுப்பினேன். படுத்தால்தான் வலி அடங்கும் என்று சொன்னவளை முக்கால் மணி நேரம் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்தார். அவள் வாந்தி எடுத்தாள்.

மூன்றாம் நாளும் வலி குறையாதபோது மலைக்குளிர் என்றார்கள். பிறகு பச்சை உடம்பு என்றார்கள். பிறகு மேலாளர் ஊரில் இல்லை என்றார்கள். 14,500 ரூபாய்க்கு ரசீது கேட்டேன். கைகூப்பும் படம் ஒன்று வந்தது. அதன்பின் என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள்.

முந்தாநாள், காரின் பின்னிருக்கையில் படுக்கவைத்து, மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு அழைத்துச் சென்றோம். ஊசி துளைத்த சவ்வின் வழியே தண்டுவட நீர் கசிவதால்தான் நிமிர்ந்தால் வலிக்கிறது, இளம் வயதினருக்கு, அதிலும் பிரசவித்த பெண்களுக்கு இது அதிகம், முதியவர்களுக்குக் குறைவு என்று அங்கிருந்த மயக்கவியல் மருத்துவர் விளக்கினார். பலருக்கு ஓய்விலும் பாராசிட்டமாலிலும் ஓரிரு வாரங்களில் சரியாகிவிடுமாம். இவளுக்கு வலி கடுமையாக இருந்ததால், அவள் கையிலிருந்தே சுமார் 20 மில்லி ரத்தம் எடுத்து, முதுகில் அந்தச் சவ்வுக்கு வெளியே செலுத்திக் கசிவை அடைத்தார். அன்று மாலையே உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். அறுவை சிகிச்சை செய்த இடத்தில் இதை ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருக்கலாம். அந்தக் கோபமும் எனக்கு உண்டு.

விரிவாக எழுத நினைத்தேன், குழந்தை அழுகிறது. இந்தத் தலைவலி வந்தால் ஊசி போட்ட மருத்துவரையே முதலில் கேளுங்கள். முதுகைத் தேய்க்க விடாதீர்கள். ரசீது இல்லாமல் முன்பணம் வேண்டாம். காய்ச்சல், வலிப்பு, இரட்டைப் பார்வை வந்தாலோ, படுத்தும் வலி அடங்காவிட்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.