எங்கள் பங்கின் உலாக் குழு: ஓர் உறுப்பினரின் மதிப்பீடு

வடசென்னையில் பெரும்பாலான கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது ஓர் ஆலயத்தைச் சேர்ந்த மக்கள் சமூகங்களில், சிறுவர்களுக்கு மறைக்கல்வி வகுப்பும், இளையோருக்கு விளையாட்டுப் போட்டிகளும், பெண்களுக்கு மரியாயின் சேனை என்ற பக்திக் குழுவும் இருக்கும். பிள்ளைகளைக் கரைசேர்த்து முடித்தவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், துணையை இழந்தவர்கள், திருமணம் செய்துகொள்ளாமல் இருப்பவர்கள் ஆகியோர் நாலு பேரோடு வெளியே போய்வர வேண்டுமென்றால் ஆண்டுக்கொரு முறை வேளாங்கண்ணி, இல்லையென்றால் யார் வீட்டிலாவது கல்யாணம் அல்லது துக்கம் என்ற நிலைதான் நெடுங்காலமாக இருந்தது. தண்டையார்பேட்டைப் பகுதியில் உள்ள எங்கள் பங்கில் பெரியவர்களுக்கென்று நடத்தப்படும் மாதாந்திர உலா அந்தக் குறையை எந்த அளவுக்குத் தீர்த்திருக்கிறது, எங்கே இன்னும் திருந்த வேண்டும் என்பதை, ஓராண்டுக்கும் மேலாக அதில் கலந்துகொண்டு வருபவர் என்ற முறையில் எழுதுகிறேன்.

நடைமுறை எளிமையானது. ஞாயிறு முதல் திருப்பலியின் முடிவில் அறிவிப்பு வரும். அன்பியம் எனப்படும், பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுவின் பொறுப்பாளரிடம் பெயர் கொடுத்துவிட்டால் போதும். பயணச்சீட்டுக்கும் சிற்றுண்டிக்கும் ஆகும் தொகையை மட்டுமே வாங்குகிறார்கள். அதைக் கொடுக்க இயலாதவர்களுக்கு ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையினர் செலுத்திவிடுகிறார்கள். யாருக்குச் செலுத்தினார்கள் என்பது வெளியே தெரிவதில்லை. பக்கத்து வீட்டு இந்து, முஸ்லிம் நண்பர்களையும் அழைத்து வரலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

இதுவரை சென்றவற்றில் ஆகச் சிறந்தது அரண்மனைக்காரன் தெரு உலா என்பேன். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மண்ணடி மூன்றாவது நிறுத்தம். லிப்ட் இருப்பதால் முழங்கால் வலிக்காரர்களும் தயங்காமல் வந்தார்கள். அந்தத் தெருவில் உள்ள மரியன்னை இணைப்பேராலயத்துக்கு, அங்குள்ள புனித அந்தோனியாரைத் தேடிச் செவ்வாய்க்கிழமைதோறும் போகாத கத்தோலிக்கக் குடும்பம் எங்கள் பக்கத்தில் குறைவு. ஆனால் அதே தெருவில், 1772இல் இன்றைய வடிவில் கட்டப்பட்ட ஆர்மீனியர் ஆலயத்துக்குள் எங்களில் ஏறக்குறைய யாருமே அதுவரை கால் வைத்ததில்லை. மரக்கதவைத் தாண்டினால் பாரிமுனையின் இரைச்சல் சட்டென்று அடங்கிவிடுகிறது. நடைபாதையில் பதிக்கப்பட்ட கல்லறைக் கற்களில் ஆர்மீனிய எழுத்துகள். தனியாக நிற்கும் கோபுரத்தில் 6 மணிகள். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான 'அஸ்தரார்' 1794இல் இந்தச் சென்னையில்தான் அச்சானது. அதை வெளியிட்ட அருட்தந்தை ஹரூத்தியூன் ஷ்மவோனியன் இந்த வளாகத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

இந்தச் செய்தியை ஒரு வழிகாட்டி ஒப்பித்திருந்தால் கேட்டுவிட்டு நகர்ந்திருப்போம். எங்கள் குழுவில் அச்சகத்தில் கம்பாசிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தலைகீழாக வரிசைப்படுத்தி, நூலால் கட்டி, மெய்ப்புக்கு எடுப்பது எப்படி என்பதை அவர் விரல்களாலேயே காட்டினார். கட்டைவிரல் ஒவ்வோர் எழுத்தின் மேலும் எப்படி அழுந்தி நிற்கும் என்பதைக் காட்டுவதற்காகக் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். திருப்பலி முடிந்ததும் யாரிடமும் பேசாமல் வீட்டுக்குப் போய்விடும் மனிதர் அவர். அன்று அவரைச் சுற்றி நின்றவர்கள், "ஐயா, தமிழுக்கு எத்தனை எழுத்து வைத்திருப்பீர்கள்?" என்று கேட்டபடியே இருந்தார்கள்.

பெரம்பூர் பக்கம் உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்குச் சென்றபோதும் இதே நிகழ்ந்தது. 1955இல் தொடங்கப்பட்ட ஐ.சி.எப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் இல்லாத தெரு எங்கள் வட்டாரத்தில் அரிது. பெட்டியின் வெளிக்கூட்டைச் செய்யும் 'ஷெல்' பிரிவில் வெல்டராக இருந்த ஒருவர், அங்கு நிறுத்தப்பட்டிருக்கும் பழைய பெட்டி ஒன்றின் அடியில் குனிந்து, கூடும் இடங்களில் பற்றவைப்பு எப்படி ஓடியிருக்கிறது என்று காட்டினார். அவருடைய மனைவி, தம் கணவர் நாள் முழுவதும் என்ன வேலை செய்தார் என்பதைத் தாம் முதன்முறையாகப் பார்ப்பதாகச் சொன்னார். இந்த உலாக்களின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்: இடம் அருகில் இருக்க வேண்டும், விளக்குபவர் நம்மில் ஒருவராக இருக்க வேண்டும்.

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் உள்ள தூய மரியாள் ஆலயமும் பார்க்கத் தக்கது. 1680இல் அர்ச்சிக்கப்பட்ட அந்த ஆலயத்தின் கூரை, குண்டு விழுந்தாலும் தாங்கும்படி வளைவாகவும் தடிமனாகவும் கட்டப்பட்டது. 1753இல் ராபர்ட் கிளைவின் திருமணம் அங்கேதான் நடந்தது. கோட்டைக்குள் நுழையச் சோதனை உண்டு என்பதால் அடையாள அட்டை கொண்டுவரும்படி பொறுப்பாளர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

மார்கழியில் மயிலாப்பூர்ச் சபா ஒன்றின் மதியக் கச்சேரிக்கு அழைத்துச் சென்றதைத் தனியாகப் பாராட்ட வேண்டும். மதியக் கச்சேரிகள் பலவற்றுக்குக் கட்டணம் இல்லை என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், அது நமக்கான இடமா என்ற தயக்கத்தில் போனதில்லை. எங்கள் பாடகர் குழுவில் வயலின் வாசிக்கும் அக்கா, நாங்கள் கோவிலில் பாடும் கீர்த்தனைகளுக்கும் மேடையில் ஒலிக்கும் ராகங்களுக்கும் உள்ள உறவை ரயிலிலேயே பாடிக்காட்டி விளக்கியதால், அரங்கில் யாருக்கும் அந்நியமாகத் தோன்றவில்லை.

பழவேற்காடு பற்றி இருவிதமாகவும் சொல்ல வேண்டியிருக்கிறது. கும்மிடிப்பூண்டி மார்க்கப் புறநகர் ரயிலில் பொன்னேரி வரை சென்று, அங்கிருந்து வேனில் போனோம். மகிமை மாதா திருத்தலத்தில் செபமாலை, பிறகு டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். நுழைவாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கும் அந்தத் தோட்டத்தில், கடல்கடந்து வந்து இங்கே மாண்டவர்களுக்காக எங்கள் மூதாட்டி ஒருவர் தாமாகவே மரித்தோர் செபத்தைத் தொடங்க, எல்லோரும் சேர்ந்துகொண்டோம். ஏரியில் படகில் போகலாமே என்று சிலர் கேட்டபோது, 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அங்கே படகு கவிழ்ந்து பலர் இறந்ததை நினைவூட்டிப் பொறுப்பாளர்கள் உறுதியாக மறுத்துவிட்டார்கள். அந்த உறுதியை மதிக்கிறேன். ஆனால் பெண்களுக்கான கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முன்பே விசாரித்து வைக்காததும், சாப்பாட்டை மூன்று மணிக்கு மேல் தள்ளிப்போட்டதும் பெரிய குறைகள். சர்க்கரை நோயாளிகள் உள்ள குழுவில் இப்படி நடக்கவே கூடாது.

நெடுந்தூரப் பயணம் எனக்கு நிறைவளிக்கவில்லை. 300 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் வேளாங்கண்ணிக்கு ஒரு டிராவல்ஸ் மூலம் ஏற்பாடு செய்த பேருந்து, பேசிய வண்டியாக இல்லை. குளிர்சாதனம் வேலை செய்யவில்லை, சாயும் இருக்கைகள் சாயவில்லை. விடியற்காலையில் இறங்கியபோது பலருக்குக் கால் வீங்கியிருந்தது. பொறுப்பாளர்கள் வாதாடி ஒரு பகுதிப் பணத்தைத் திரும்பப் பெற்று, ஒவ்வொருவர் பெயரையும் உறையில் எழுதி அடுத்த ஞாயிறே கொடுத்துவிட்டார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும். இருந்தாலும், எழுபதைத் தாண்டியவர்களை இரவு முழுவதும் உட்காரவைத்து அழைத்துச் செல்வதைக் குழு மறுபரிசீலனை செய்ய வேண்டும். அந்த ஒரு பயணத்துக்கு ஆன செலவில் பல அரைநாள் உலாக்களை நடத்தலாம். 1856இல் திறக்கப்பட்டு, தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இராயபுரம் நிலையத்தை நாங்கள் அன்றாடம் கடந்து போகிறோம். அதற்கே இன்னும் ஓர் உலா வைக்கவில்லை.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது, வராதவர்கள் யார் என்பது. காசிமேட்டில் கடலுக்குப் போகும் குடும்பங்களும் மீன் விற்கும் பெண்களும் எங்கள் பங்கின் முதுகெலும்பு. உலாவில் அவர்களைக் காண்பது அபூர்வம். ஞாயிறு காலைதான் அவர்களுக்கு வியாபாரம் மும்முரமான நேரம். நாம் ஞாயிறன்றே உலா வைத்துவிட்டு, அவர்களுக்கு ஆர்வமில்லை என்று சொல்வது நியாயமாகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். வெயில் கடுமைதான் என்றாலும், அந்த மாதங்களில் வார நாளின் மாலையில் இரண்டு உலாக்களையாவது வைத்து, கட்டணம் வாங்காமல் அவர்களை அழைக்கலாம். கடலையும் மீனையும் பற்றி எங்களுக்கு எடுத்துச் சொல்ல அவர்களைவிடத் தகுந்தவர்கள் யாரும் இல்லை. இதைப் பங்குப் பேரவைக் கூட்டத்தில் எழுத்து மூலமாகவும் கொடுத்திருக்கிறேன்.

வடசென்னையில் வேறு பங்குகளைச் சேர்ந்தவர்கள் இதுபோல் தொடங்க நினைத்தால், பெரிய நிதியோ சொந்த வண்டியோ தேவையில்லை. முதலில் உங்கள் பங்கில் ஓய்வு பெற்றவர்கள் யார் யார், என்ன வேலை பார்த்தார்கள் என்று அன்பியம் அன்பியமாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கே போவது என்பதை அந்தப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யலாம்.