அப்பாவைச் சுமக்கும் பையன்கள்: மூன்று படங்கள்

அப்பாவும் மகனும் காட்டில் மாட்டிக்கொள்ளும் படம் எதுவாக இருந்தாலும், பார்த்துவிட்டு எழுந்து வருபவர்கள் முதலில் அப்பாவைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். "வளர்ற பிள்ளைய இப்படியா கூட்டிட்டுப் போவான்?" 'வாக்கிங் அவுட்' பார்த்த அன்று என் நண்பர் கேட்ட முதல் கேள்வியே இதுதான். 'தி ரோட்', 'தி ரிட்டர்ன்' பார்த்தபோதும் பேச்சு அங்கேயேதான் போய் நின்றது. எனக்கு இது மனத்தாங்கலாகவே இருக்கிறது. இந்தப் படங்களில் பார்க்க வேண்டியது அப்பாவின் புத்தியை அல்ல, பையனின் கைகளை. அப்பா விழுந்த பிறகு அந்தக் கைகள் என்ன செய்கின்றன? மூன்றையும் அதை வைத்தே ஒப்பிடுகிறேன். மூன்றிலும் அப்பா இறந்துவிடுகிறார். முடிவைத் தொடாமல் இதை எழுத வழியில்லை.

'வாக்கிங் அவுட்' 2017-இல் வந்தது. இயக்கியவர்கள் அலெக்ஸ் ஸ்மித், ஆண்ட்ரூ ஸ்மித் என்ற இரட்டைச் சகோதரர்கள். டேவிட் குவாமன் எழுதிய சிறுகதைதான் மூலம். பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். டெக்சாஸில் வளரும் பதினான்கு வயது மகன், மொன்டானா மலையில் தனியாக வாழும் அப்பாவிடம் வருகிறான். மூஸ் என்ற பெரிய மானை மகன் கையால் சுட வைக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. போன இடத்தில் கரடியால் வந்த களேபரத்தில் துப்பாக்கி தவறி வெடித்து, அப்பா நடக்க முடியாமல் போகிறார். பனி மலையில் மகன் அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கிறான்.

இந்தப் படத்தின் மேல் இரண்டு குறைகள் சொல்வார்கள். முதல் பாதி நகரவே மாட்டேன் என்கிறது என்பது ஒன்று. வேட்டையை ஆண்மைப் பாடமாகக் காட்டுவது பிடிக்கவில்லை என்பது இன்னொன்று. இரண்டாவதில் எனக்கும் பாதி உடன்பாடு உண்டு. ஆனால் முதல் பாதி மெதுவாகப் போவதற்குக் காரணம் இருக்கிறது. அப்பா அங்கே சொல்லித்தரும் சின்னச் சின்ன விஷயங்களெல்லாம் பின்பாதியில் ஒவ்வொன்றாகப் பையனின் கைக்கு வருகின்றன. அப்பா தன் அப்பாவிடம் கற்ற காட்சிகளும் நடுநடுவே வந்து போகின்றன. தாத்தாவாக பில் புல்மன். தூக்கிச் சுமக்கும் காட்சிகளில் அவசரமே இல்லை. பத்தடி நடக்கிறான், சரிகிறான், இறக்கி வைக்கிறான், மறுபடி குனிந்து தோளைக் கொடுக்கிறான். அந்த வயதுப் பையனுக்கு வளர்ந்த ஆளின் எடை எவ்வளவு என்பது நம் முதுகில் தெரிகிறது. அப்பாவாக வரும் மேட் போமரை விட, மகனாக வரும் ஜோஷ் விக்கின்ஸ்தான் படத்தைத் தாங்குகிறார்.

ஜான் ஹில்கோட் இயக்கிய 'தி ரோட்' (2009) பற்றி வரும் புகார் வேறு மாதிரி. "மனசுக்குக் கனமா இருக்கு, இரண்டாவது முறை பார்க்க முடியாது." உண்மைதான். கார்மக் மெக்கார்த்தியின் நாவலே அப்படித்தான். உலகம் சாம்பலாகிவிட்டது, மரங்கள் பட்டுவிட்டன, மனிதர்களே மனிதர்களைத் தின்னுகிறார்கள். அப்பாவும் மகனும் தள்ளுவண்டியில் நாலு சாமானை வைத்துக்கொண்டு கடலை நோக்கி நடக்கிறார்கள். துப்பாக்கியில் இருப்பது இரண்டே குண்டு. பிடிபட்டால் தன்னைத் தானே எப்படிச் சுட்டுக்கொள்ள வேண்டும் என்று அப்பா பையனுக்குக் காட்டிக்கொடுக்கும் காட்சியில் நான் திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டேன். மற்ற இரண்டு அப்பாக்களும் வாழக் கற்றுக்கொடுக்க, இவர் சாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய இடத்தில் நிற்கிறார்.

ஆனால் இங்கே பாடம் இரண்டு பக்கமும் போகிறது. கடற்கரையில் ஒருவன் இவர்களுடைய சாமான்களைத் திருடிவிட, அப்பா அவனைப் பிடித்து, உடுத்தியிருந்த துணியைக்கூட விடாமல் கழற்ற வைக்கிறார். பையன் அழுது மன்றாடுகிறான். பிறகு அந்தத் துணியை விட்டுவர இருவரும் திரும்பிப் போகிறார்கள். "அந்தச் சின்னவன் இல்லையென்றால் அந்த ஆளும் மற்றவர்களைப் போல ஆகியிருப்பான்" என்று ஒரு நண்பர் சொன்னார். இந்தப் படத்தைப் பற்றி நான் கேட்டதிலேயே சரியான பேச்சு அது. அப்பாவின் உடம்பைச் சுமக்கிற பலம் இந்தப் பையனுக்கு இல்லை. அவர் மனிதனாக இருப்பதை இவன் சுமக்கிறான்.

மூன்றில் என் தேர்வு, ஆந்த்ரேய் ஸ்வியாகின்ட்செவின் முதல் படமான 'தி ரிட்டர்ன்'. 2003-இல் வெனிஸ் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கச் சிங்கம் பெற்ற ரஷ்யப் படம். பன்னிரண்டு வருடம் காணாமல் போயிருந்த அப்பா ஒருநாள் வீட்டில் வந்து படுத்திருக்கிறார். மறுநாளே இரண்டு மகன்களையும் மீன்பிடிக்கக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறார். எங்கே இருந்தார், ஏன் வந்தார், தீவில் தோண்டி எடுத்த பெட்டியில் என்ன இருந்தது? எதற்கும் பதில் இல்லை. பலருக்கு இதுதான் எரிச்சல். "பெட்டியைக்கூடத் திறந்து காட்டவில்லையே!" எனக்கு அந்தப் பெட்டி மூடியே இருந்ததில் குறையில்லை. அந்தப் பிள்ளைகளுக்கும் அது தெரியப்போவதில்லையே.

இந்த அப்பா கடுமையானவர். முரண்டு பிடித்த சின்னவன் இவானைப் பாலத்தில் இறக்கிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார். மழையில் தூண்டிலோடு அவன் தனியாக உட்கார்ந்திருக்கிறான். அவரை நல்லவர் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் சேற்றில் கார் சிக்கும்போது பெரியவன் அந்த்ரேயிடம் அவர் வேலை வாங்குவதைக் கவனியுங்கள். மரக்கிளைகளை ஒடித்துச் சக்கரத்துக்கு அடியில் போட வைக்கிறார், அடித்தும் வைக்கிறார். பிறகு தீவில் அவர் கோபுரத்திலிருந்து விழுந்து சாகிறார். சுற்றிலும் தண்ணீர், உதவிக்கு ஒரு ஆள் இல்லை. இரண்டு பையன்களாலும் அவரைத் தூக்க முடியவில்லை. அப்போது கிளைகளை வெட்டி, படுக்கை போலப் பரப்பி, அவரை அதன்மேல் கிடத்திப் படகு வரை இழுத்துப் போகிறார்கள். வழி சொல்லுவது அந்த்ரேய். அப்பா பேசிய அதே தோரணையில் பேசுகிறான். தான் வெறுத்த மனிதனின் குரல் தன் அண்ணன் வாயிலிருந்து வருவதை இவான் கேட்கிறான்.

அந்த்ரேயாக நடித்த விளாதிமிர் காரின், படம் வெனிஸில் திரையிடப்படும் முன்பே ஏரியில் மூழ்கி இறந்துபோனான். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தால் அந்தத் தண்ணீரை முன்போலப் பார்க்க முடிவதில்லை.

வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க 'வாக்கிங் அவுட்' மட்டும்தான் சரிப்படும். பதின்மூன்று வயது மகனோடு நான் பார்த்ததும் அதை மட்டும்தான். 'தி ரோட்' தனியாக, மனது தெளிவாக இருக்கும் நாளில். 'தி ரிட்டர்ன்' படத்துக்கு யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. கரையில் கட்டாமல் விட்ட படகு அப்பாவின் உடலோடு ஏரிக்குள் நகர்ந்து போகும்போது, அதுவரை தானாக "அப்பா" என்று கூப்பிட வாய் வராத இவான் அப்படிக் கத்திக்கொண்டே ஓடுகிறான். படகு முழுகிக்கொண்டிருக்கிறது.