கன்னத்துக்குள் ஒரு பல்: ஈறு வழியா, மூக்கு வழியா?

என் அக்காவுக்கு ஒன்றரை வருடமாக வலது கன்னத்தில் வலி. குனிந்தால் கனக்கும். வலது மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வரும். சைனஸ் என்று மாத்திரை மாற்றி மாற்றிச் சாப்பிட்டாள். வேறொரு பல்லுக்காக எடுத்த, தாடை முழுவதும் ஒரே படத்தில் தெரியும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில்தான் விஷயம் தெரிந்தது. முளைக்காமலே போனதாக நாங்கள் நினைத்த ஞானப்பல், கண்ணுக்குச் சற்றுக் கீழே, கன்னத்துக்குப் பின்னால் இருக்கும் காற்றறையான மேல்தாடை சைனஸுக்குள் தலைகீழாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் மூக்கடைத்தால் சளி, அலர்ஜி எனலாம். ஒரே பக்கம் நாற்றத்தோடு ஒழுகினால் பல்லையும் சந்தேகப்படுங்கள்.

எடுக்காமல் விட்டுவிடலாமா? வலியோ சீழோ நீர்க்கட்டியோ இல்லையென்றால், அவ்வப்போது ஸ்கேன் பார்த்துக்கொண்டு விட்டுவைப்பதும் உண்டு. அக்காவுக்கு மூன்றுமே இருந்தன.

பழைய வழி, கால்டுவெல்-லூக். நியூயார்க்கில் ஜார்ஜ் கால்டுவெல் 1893-லும் பாரிஸில் ஆன்றி லூக் 1897-லும் தனித்தனியாக எழுதிவைத்த முறை. மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே ஈறைக் கீறி, சைனஸின் முன்சுவர் எலும்பில் சன்னல் மாதிரி திறப்பார்கள். பல் நேராகக் கண்ணில் படும், பல்லைச் சுற்றிய நீர்க்கட்டியின் உறையையும் மிச்சமில்லாமல் உரித்தெடுக்கலாம். இந்த உறை முக்கியம். கொஞ்சம் தங்கினாலும் கட்டி திரும்ப வரலாம். ஆனால் கன்னம் நன்றாக வீங்கும். கண்ணுக்குக் கீழே வெளிவரும் நரம்பு பக்கத்திலேயே இருப்பதால் கன்னமும் மேலுதடும் மரத்துப்போகலாம். பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும், சிலருக்குத் தங்கிவிடும்.

புது வழி, மூக்குக்குள் எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயை விட்டு எடுப்பது. 1980-களில் பரவியது. சைனஸின் இயற்கை வாசல் சில மில்லிமீட்டர்தான். அதை அகலமாக்கி உள்ளே போகிறார்கள். வாயில் காயம் இல்லை, வீக்கம் குறைவு. இன்னொரு லாபம், அடைபட்ட வாசலே திறந்துவிடுவதால் தேங்கிய சீழ் வடிய வழி கிடைக்கிறது. பல் அந்த வாசலுக்குப் பக்கத்திலோ, எலும்பில் ஆழமாகப் பதியாமலோ இருந்தால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். சைனஸின் முன்சுவர் ஓரத்திலும் அடித்தளத்திலும் எலும்பில் புதைந்த பல்லுக்கு மூக்கு வழியாகக் கருவி எட்டுவது கஷ்டம்.

அதனால் புதுசா பழசா என்று பார்க்காதீர்கள், பல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு எக்ஸ்ரே போதாது, சிடி ஸ்கேன் வேண்டும். முடிந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரும் தாடை அறுவை மருத்துவரும் சேர்ந்து அந்தப் படத்தைப் பார்க்கட்டும். இரண்டு வழியையும் ஒரே மயக்கத்தில் சேர்த்துச் செய்வதும் உண்டு.

அக்காவின் சிடியில் பல் முன்பக்கச் சுவர் எலும்பில் பாதி புதைந்திருந்தது, சுற்றிலும் கட்டி. மூக்கு வழியாகவே முடித்துவிடலாம் என்று ஆசைப்பட்டோம், மருத்துவர் படத்தைக் காட்டிப் புரியவைத்தார். ஈறு வழியாகத்தான் எடுத்தார்கள். உறை பயாப்ஸிக்குப் போனது, சாதாரண நீர்க்கட்டி என்று வந்தது. இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, கஞ்சியும் இட்லியும்தான்.

வலி போய்விட்டது. உதட்டு மரப்பு மட்டும் மூன்று மாதம் இருந்தது. அதுவரை காபி குடித்ததும், "உதட்டில் நுரை ஒட்டியிருக்காடா?" என்று என்னிடம் கேட்டுத்தான் துடைப்பாள்.