ஞாயிறு சந்தை டிவிடி கடை: படங்களுக்கு முழு மார்க், தட்டுகளுக்கு பாஸ் மார்க்

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் துணிக்கடைகளைத் தாண்டிப் போனால், தார்ப்பாய் விரித்துப் பழைய டிவிடி விற்கிற ஒருவர் இருக்கிறார். வாடகைக் கடைகள் மூடியபோது மொத்தமாக வாங்கிய சரக்காம். கராத்தே, குங்ஃபூ எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டாமல், நிஜ கிக்பாக்ஸிங் சாம்பியன்கள் நடித்த படங்களைத் தனிக்கட்டாக வைத்திருக்கிறார். "இதுல இருக்கறவன்லாம் நெஜமாவே ரிங்ல அடிச்சவன் தம்பி" என்பதுதான் விளம்பரம். தட்டு 40 ரூபாய், பேரம் பேசினால் முகத்தைச் சுளிப்பார், ஆனால் குறைப்பார்.

நான் எடுத்ததில் முதலிடம் ஜாக்கி சானின் 'வீல்ஸ் ஆன் மீல்ஸ்' (1984). வில்லனின் அடியாளாக வருபவர் அமெரிக்க கிக்பாக்ஸிங் சாம்பியன் பென்னி உர்கிடெஸ். கடைசிச் சண்டையில் அவர் சுழன்று விடுகிற உதையில், கால் படாமல் வெறும் காற்றிலேயே மெழுகுவத்திகள் அணைகின்றன! பின்னால் ஓட்டி ஓட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது டான் வில்சன் ஹீரோவாக வந்த 'பிளட்ஃபிஸ்ட்' (1989). கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் படிப்பைப் போடுகிற மாதிரி, டைட்டிலில் நடிகர்களின் பெயரோடு அவர்கள் வென்ற பட்டத்தையும் போடுகிறார்கள். சண்டையெல்லாம் சரி, சகோதரன் செத்துப்போய் மனிதர் உடைந்துபோக வேண்டிய இடத்தில்கூட விறைப்பாகவே நிற்கிறார். என்னைக் கேட்டால் சாம்பியனை வில்லன் பக்கம் போடுவதுதான் லாபம், அழத் தேவையில்லை, உதைத்தால் போதும். இன்னொரு கிக்பாக்ஸிங் சாம்பியன் பில் வாலஸ் அப்படித்தான் 1979இல் ஒரு படத்தில் ஹீரோ சக் நாரிஸுக்கு எதிரியாக வந்தார், வாலஸ் வலது முழங்கால் கெட்டுப்போனதால் இடது காலாலேயே எல்லோரையும் உதைத்து, தோல்வியே இல்லாமல் 1980இல் ஓய்வுபெற்றவர். அந்தப் படம் கட்டில் இல்லை, சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்தக் கணக்குக்கு அடங்காதவர் நம்ம ரித்திகா சிங். கிக்பாக்ஸிங்கிலிருந்து வந்து, 'இறுதிச்சுற்று' (2016) படத்துக்கே தேசிய விருதில் சிறப்புக் குறிப்பு வாங்கினார். அதையும் கட்டில் சேருங்கள் அண்ணே என்றால், "அது பாக்ஸிங் படம் தம்பி" என்கிறார். விடாப்பிடியான ஆள்.

இப்போது குறை. ஒரு தட்டு சரியாக கிளைமாக்ஸில் நின்றுவிட்டது. டிவிடி உள்வட்டத்திலிருந்து வெளியே போகிற வரிசையில்தான் ஓடும், அதனால் கடைசிச் சண்டை பெரும்பாலும் வெளி ஓரத்துப் பக்கம் இருக்கும், கைபட்டுக் கீறல் விழுவதும் அங்கேதான். அவர் சின்ன பிளேயரில் போட்டுக் காட்டுவதோ முதல் ரெண்டு நிமிஷம், அது எப்போதும் நன்றாகத்தான் ஓடும்! கடைசிப் பகுதிக்குத் தள்ளச் சொல்லிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். நின்றுபோனதை அடுத்த வாரம் கொண்டுபோனேன், பேச்சே இல்லாமல் மாற்றிக் கொடுத்தார், அதற்காகவே 5க்கு 4. வண்டியைத் தள்ளி எங்காவது நிறுத்திவிட்டு நடந்து போங்கள், ஞாயிற்றுக்கிழமை அந்த வீதிக்குள் வண்டி நுழையாது.