இரண்டு ரிங்கிட் நிறுவனம் தரும் ‘வாடகை உத்தரவாதம்’: கோலாலம்பூரில் கோபுர வீடு வாங்குவோர் கவனத்துக்கு

கீழே பேரங்காடி, நடுவில் அலுவலகங்கள், மேலே ஹோட்டலும் சர்வீஸ் அபார்ட்மெண்டும். இப்படியொரு கோபுரத்தில் வீடு வாங்கிய ஒருவர் ஏமாந்த கணக்கு இது. மேம்பாட்டாளரின் பெயர் வேண்டாம். இதே வித்தையை வேறு இடங்களிலும் காட்டுகிறார்கள்.

விலை 800,000 ரிங்கிட். ஆண்டுக்கு 6 விழுக்காடு வாடகை, மூன்று ஆண்டுக்கு உத்தரவாதம், மாதம் 4,000. அதே சாலையில் அதே அளவு வீடு மறுவிற்பனையில் 680,000க்குக் கிடைத்தது. ஆக, 120,000 ரிங்கிட்டைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டு, அதையே மாதாமாதம் பிரித்து ‘வாடகை’ என்று திருப்பித் தருகிறார்கள். அந்தக் கூடுதல் தொகைக்கும் வங்கி வட்டி ஓடுகிறது.

பதினாறாம் மாதத்தோடு பணம் நின்றது. கைக்கு வந்தது 64,000, பாக்கி 80,000. மேம்பாட்டாளரைக் கேட்டால், “அது எங்கள் ஒப்பந்தமே இல்லை” என்றார்கள். பொய்யில்லை, அதுதான் கொடுமை. உத்தரவாதம் விற்பனை ஒப்பந்தத்தில் இல்லை. தனித்தாளில், வேறொரு நிறுவனத்தின் பெயரில் இருந்தது. அதன் செலுத்திய மூலதனம், அதாவது பங்குதாரர்கள் உண்மையில் போட்ட முதல், 2 ரிங்கிட். வழக்கில் வென்றாலும் யாரிடம் வசூலிப்பது?

எஸ்எஸ்எம் என்ற மலேசிய நிறுவனப் பதிவு ஆணையத்தின் இணையத்தளத்தில் சிறு கட்டணம் கட்டினால் எந்த நிறுவனத்தின் விவரத்தையும் எடுக்கலாம். கையெழுத்திடுமுன் செலுத்திய மூலதனம், இயக்குநர் பெயர்கள், பதிவான ஆண்டு மூன்றையும் பாருங்கள். தாய் நிறுவனம் எழுத்தில் பொறுப்பேற்காவிட்டால் அந்தத் தாளை மறந்துவிட்டு, வெறும் சந்தை வாடகைக்குக் கணக்குப் போடுங்கள். இவருக்குச் சந்தை வாடகை 2,300. 720,000 கடனுக்கு 35 ஆண்டு, 4 விழுக்காடு வட்டி என்றால் தவணை ஏறக்குறைய 3,190.

மெயின்டனன்ஸ் தனி. 850 சதுர அடிக்குச் சதுர அடிக்கு 45 சென் என்றால் 382.50; அதில் 10 விழுக்காடு சிங்கிங் ஃபண்ட் (பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதி) சேர்த்து 420.75. விற்பனைக்கூடத்தில் சொல்லும் சதுர அடிக் கணக்கை நம்பிவிடாதீர்கள். 2013 ஸ்ட்ராட்டா (அடுக்குமாடிச் சொத்து) நிர்வாகச் சட்டப்படி கட்டணம் ஒவ்வொரு வீட்டுக்கும் கடைக்கும் ஒதுக்கப்படும் பங்கு எண்ணான ஷேர் யூனிட்டைப் பொறுத்தது. பரப்பளவோடு பயன்பாட்டு வகைக்கான எடையும் அதில் சேரும். உங்கள் யூனிட் எத்தனை, பேரங்காடிக்கும் ஹோட்டலுக்கும் எத்தனை என்று அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். மொத்தத்தில் பெரும்பங்கு மேம்பாட்டாளரிடமே தங்கினால், உரிமையாளர் கூட்டத்தில் யூனிட் கணக்கில் வாக்கெடுப்பு வரும்போது வீட்டுக்காரர்கள் கைதூக்கிப் பலனில்லை. பேரங்காடியின் லிஃப்ட், குளிரூட்டும் நீர் ஆலை, கண்ணாடி துடைக்கும் கொண்டோலா ஆகியவற்றின் செலவு யார் தலையில் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

விற்பனை ஒப்பந்தம் ‘எச் அட்டவணை’ வடிவமா, அதாவது அடுக்குமாடி வீடுகளுக்கு அரசு விதித்த படிவமா என்று பாருங்கள். அப்படியென்றால் வழக்கமாக 36 மாதத்தில் சாவி. தாமதித்தால் விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு இழப்பீடு, 800,000க்கு நாளொன்றுக்கு சுமார் 219 ரிங்கிட். சாவி வாங்கிய நாளிலிருந்து 24 மாதம் குறைபாடுகளைச் சரிசெய்ய வேண்டியது மேம்பாட்டாளர் பொறுப்பு. அந்த 36 என்ற எண் அடித்து மாற்றப்பட்டிருக்கிறதா என்று விரல் வைத்துப் படியுங்கள். இந்த வகை ஒப்பந்தத்தில் கையெழுத்துக்கு முன் ‘புக்கிங் ஃபீ’ வாங்குவதே விதிமீறல். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்: சாவி தரவேண்டிய காலக்கெடு அந்தத் தேதியிலிருந்தே எண்ணப்படும் என்று 2021இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

“உத்தரவாதம் போனால் என்ன, நாள் வாடகைக்கு விடலாமே” என்பது முகவரின் அடுத்த பாட்டு. கூட்டத்தில் முக்கால் பங்கு வாக்கு கிடைத்தால் நிர்வாகம் அதைத் தடைசெய்து துணைவிதி போடலாம். கோலாலம்பூர் மொண்ட் கியாரா அடுக்குமாடி வழக்கில் 2020இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த அதிகாரத்தை உறுதிசெய்தது. இவருடைய கோபுரத்திலும் இப்போது அந்தத் தடை இருக்கிறது. பதினெட்டாம் மாடி வீடு பூட்டிக் கிடக்கிறது, அணுகல் அட்டை முகவரின் மேசையில்.